நாற்பதைத் தாண்டினால் எத்தனை கரண்டி சோறு?

பகல் 1 மணி. ராயப்பேட்டை மணிக்கூண்டுப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் உட்கார இடம் கிடைப்பதில்லை. மோட்டார் உதிரிபாகக் கடைச் சிப்பந்தி, அச்சகத் தொழிலாளி, ஆபீஸ் குமாஸ்தா, ஆட்டோ டிரைவர் எல்லோரும் இலைக்கு முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். முதலில் சாம்பாருக்கு ஒரு முறை சோறு வருகிறது. அடுத்து ரசத்துக்கு ஒரு முறை. கடைசியில் மோருக்கு ஒரு முறை. கூட்டும் பொரியலும் இலையின் ஓரத்தில் ஆளுக்கு ஒரே ஒரு கரண்டி! "அளவில்லாச் சாப்பாடு" என்று கடை வாசலில் எழுதியிருக்கிறது. அளவில்லாமல் கிடைப்பது சோறுதான்.

அதே ராயப்பேட்டையில் காலை வேளையில் இன்னொரு கூட்டத்தையும் பார்க்கலாம். வெஸ்ட்காட் சாலையில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் பையுமாக வருகிறவர்களின் கூட்டம் அது. அவர்களில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பலர். 40 வயதைத் தாண்டியவர்கள், 50-ஐ நெருங்குகிறவர்கள், குடும்பத்தைத் தாங்குகிறவர்கள்.

இவர்களுக்கு எந்த டாக்டரும் சொல்லும் முதல் வார்த்தை ஒன்று உண்டு. "சோற்றைக் குறையுங்கள்!"

கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வருகிறார். வாசலிலேயே கேள்விகள் பிறக்கின்றன. எவ்வளவு குறைப்பது? அதற்குப் பதில் எதைச் சாப்பிடுவது? பசி தாங்குமா? ஒருவருக்காக வீட்டில் தனிச் சமையல் செய்ய முடியுமா?

இந்த நான்கு கேள்விகளும் இன்று தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளின் கேள்விகள். அவற்றுக்குப் பதில் தேடிய ஆராய்ச்சிகளில் முக்கியமான சில நம் சென்னையிலேயே நடந்திருக்கின்றன.

100 பேரில் 14 பேர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், ராயப்பேட்டையை ஒட்டிய கோபாலபுரத்தில் வேரூன்றிய மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் ஒரு பெரிய கணக்கெடுப்பை நடத்தின. மாநிலம் மாநிலமாகச் சென்று 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைச் சோதித்தார்கள். முடிவு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் பெரியவர்கள் 100 பேரை எடுத்தால், 14 பேருக்கு மேல் இந்த வியாதி. இன்னும் 10 பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

சென்னை நகரத்தின் கதை இன்னும் தெளிவானது. 1989-ல் நகரத்துப் பெரியவர்களில் 100-க்கு 8 பேரிடம் காணப்பட்ட வியாதி, 2004-ல் 14 பேரிடம் காணப்பட்டது. 15 வருஷத்தில் இவ்வளவு ஏற்றம்!

"நான் இனிப்பே தொடுவதில்லை. எனக்கு எப்படி வந்தது?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் இலையில் இருக்கிறது.

சோறும் சர்க்கரையும்

அரிசி, கோதுமை, ரவை, மைதா, உருளைக்கிழங்கு, ஜவ்வரிசி ஆகிய எல்லாவற்றிலும் மிகுதியாக இருப்பது மாவுச்சத்து. வயிற்றுக்குள் போனதும் மாவுச்சத்து குளுகோஸ் என்ற சர்க்கரையாக மாறிவிடுகிறது. வாயில் இனிக்காத சோறு இரத்தத்தில் இனிக்கிறது!

இந்தச் சர்க்கரை உடம்புக்குத் தேவையானதே. நடக்க, வேலை செய்ய, யோசிக்க எல்லாவற்றுக்கும் அதுதான் விறகு. அதை இரத்தத்திலிருந்து எடுத்து உள்ளே சேர்த்து வைக்க இன்சுலின் என்ற சுரப்பு உதவுகிறது. சேர்த்து வைக்கும் இடங்களில் முக்கியமானது நம் தசை.

கிராமத்து வீட்டில் நெல் கொட்டி வைக்கும் குதிரை நினைத்துப் பாருங்கள். குதிர் பெரியதாக இருந்தால் வண்டி வண்டியாக நெல் வந்தாலும் உள்ளே போய்விடும். குதிர் சிறுத்துவிட்டால் நெல் முற்றத்தில் கிடக்கும். 40 வயதுக்கு மேல் நடப்பது இதுதான். உடல் உழைப்பு குறைகிறது. தசை கரைகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு ஏறுகிறது. இன்சுலின் சொல்வதை உடம்பு முன்போல் கேட்பதில்லை. ஆனால் இலையில் விழும் சோறு மட்டும் 20 வயதில் விழுந்த அளவே விழுகிறது. குதிருக்குள் போகாத சர்க்கரை இரத்தத்தில் நிற்கிறது. வருஷக்கணக்கில் நின்றால் கண், சிறுநீரகம், கால் நரம்பு, இருதயம் எல்லாவற்றையும் அரிக்கிறது.

நம் நாட்டவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வெளித் தோற்றத்தில் ஒல்லியாக இருப்பவருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு தங்கிவிடுகிறது. ஆகவே "எனக்கென்ன, நான் ஒல்லிதானே?" என்று இருந்துவிடக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வியாதி என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். 100-க்கு மேல் போனாலே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

ராயப்பேட்டையில் பிறந்த ருசி

சென்னையின் ஓட்டல் ருசிக்கும் ராயப்பேட்டைக்கும் பழைய உறவு உண்டு. கே. கிருஷ்ணராவ் தமது உட்லண்ட்ஸ் ஓட்டலை 1938-ல் தொடங்கியது இந்த ராயப்பேட்டையில்தான். இட்டிலியும் தோசையும் பட்டணத்தாரின் தினசரிப் பலகாரம் ஆனதில் இப்படிப்பட்ட ஓட்டல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பக்கம் அமீர் மகாலைச் சுற்றிய தெருக்களில் பிரியாணி மணக்கிறது. இந்தப் பக்கம் பொங்கலும் பூரியும். ருசி வேறு, மதம் வேறு. பானைக்குள் இருப்பது மட்டும் பெரும்பாலும் ஒரே அரிசி!

ஒரு நாளை எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். காலையில் நாலு இட்டிலி. 11 மணிக்குத் தேநீரும் பிஸ்கட்டும். பகலில் மூன்று முறை சோறு. மாலையில் பஜ்ஜியோ, வடையோ, இன்னொரு தேநீரோ. இரவில் தோசை. எல்லாம் வேறு வேறு பெயர். உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. தேநீரில் தம்ளருக்கு 2 கரண்டி சர்க்கரை என்றால், நாலு தம்ளருக்கு 8 கரண்டி. சுமார் 40 கிராம்! ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சென்னை மக்களின் சாப்பாட்டை ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உடம்புக்குக் கிடைக்கும் மொத்தச் சக்தியில் கிட்டத்தட்ட பாதி, தீட்டிய தானியத்திலிருந்தே வருகிறது என்று அதில் கண்டார்கள். அதிலும் பெரும் பங்கு வெள்ளை அரிசி. தீட்டிய தானியத்தை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம், மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை வியாதி பல மடங்கு காணப்பட்டது.

2020-ல் 21 நாடுகளில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வு வந்தது. நாளைக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு வியாதி வரும் அபாயம் கூடுதல் என்று அது சொன்னது. 450 கிராம் சோறு என்றால் ஏறத்தாழ 150 கிராம் அரிசி. அந்த அபாயம் மிகவும் அதிகமாக இருந்தது தெற்கு ஆசியாவில், அதாவது நம் பக்கத்தில்!

பசியை வென்ற அரிசி

அப்படியானால் அரிசி நமக்கு எதிரியா? அப்படிச் சொல்வது நன்றி கெட்ட பேச்சாகும்.

அரிசிக்காக ஏங்கிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் அன்றாடம் தின்று, அரிசிச் சோற்றைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கண்ட குடும்பங்கள் எத்தனையோ! 1960-களில் அரிசிப் பஞ்சம் ஆட்சியையே அசைத்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது பெரிய வாக்குறுதி. ஆட்சிக்கு வந்த அண்ணா, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார். 2008-ல் ரேஷன் கடையில் கிலோ 1 ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூன் மாதம் முதல் அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை இலவசம் ஆயிற்று.

இது சாதாரணச் சாதனை அல்ல. அடுப்பு எரியாத வீடு குறைந்தது. பிள்ளைகள் பசியோடு படுப்பது குறைந்தது. அந்த வெற்றியை யாரும் மறக்கக் கூடாது.

ஆனால் காலம் மாறியிருக்கிறது. அன்று உழுதவர், மூட்டை தூக்கியவர், பத்து மைல் நடந்தவர் சாப்பிட்ட சோறு உழைப்பிலே எரிந்துபோயிற்று. அன்றைய அரிசியும் வேறு. உலக்கையில் குத்திய அரிசியில் தவிடு கொஞ்சமாவது ஒட்டியிருந்தது. மில் வந்தது. தவிடு போயிற்று. தவிட்டோடு நார்ச்சத்தும் போயிற்று. மல்லிகைப்பூப் போன்ற சோறு கண்ணுக்கு அழகுதான். ஆனால் அது சீக்கிரம் ஜீரணமாகிச் சீக்கிரம் சர்க்கரையாகிறது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், அதே மூன்று முறைச் சோற்றை வாங்கிக்கொள்கிறார். தாத்தாவின் உழைப்பு போய்விட்டது. தாத்தாவின் இலை மட்டும் நிற்கிறது!

தந்தையும் மகனும்

டாக்டர்களின் யோசனையும் இந்தப் பட்டணத்தில் ஒரே மாதிரி இருந்ததில்லை. அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சென்னையில் சர்க்கரை வியாதி வைத்தியத்துக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் எம். விசுவநாதன். 1948-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இந்த வியாதிக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-ல் வடசென்னை ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரியே அமைத்தார். அரிசி உண்ணும் மக்களை அரிசியை விடச் சொன்னால் நடக்காது என்று அவருக்குத் தெரியும். ஆகவே மாவுச்சத்து அதிகம் இருக்கலாம், ஆனால் கீரை, காய், பயறு மூலம் நார்ச்சத்தும் அதிகம் இருக்க வேண்டும் என்ற உணவு முறையை அவரும் அவருடைய குழுவினரும் 1980-களில் பரப்பினார்கள்.

யோசனையில் இரண்டு பாதி இருந்தது. ஜனங்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். மாவுச்சத்து இலையில் தங்கியது. நார்ச்சத்து நழுவியது!

அவருடைய மகன் டாக்டர் வி. மோகன், மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவர். அந்த நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து 18 ஆயிரம் பேருடைய சாப்பாட்டைக் கணக்கிட்டது. 2022-லும் 2025-லும் முடிவுகள் வந்தன. மாவுச்சத்தையே குறைக்க வேண்டும், புரதத்தைக் கூட்ட வேண்டும் என்பதுதான் அவற்றின் சாரம். தந்தை காலத்து யோசனையைத் தவறு என்று தள்ள வேண்டியதில்லை. புதிய கணக்கு வந்தால் யோசனையைத் திருத்திக்கொள்வதே விஞ்ஞானம்.

20 பங்குக் கணக்கு

அந்தக் கணக்கை எளிதாக இப்படிச் சொல்லலாம்.

ஒருவருக்கு ஒரு நாளில் உணவிலிருந்து கிடைக்கும் சக்தியை 20 பங்காகப் பிரியுங்கள். இன்று சராசரி இந்தியருக்கு அதில் 12 பங்குக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்திலிருந்து வருவது 2 பங்குக்குச் சற்று மேல். எஞ்சியதில் பெரும்பகுதி எண்ணெய், நெய் போன்ற கொழுப்பு.

புதிதாகச் சர்க்கரை வியாதி கண்டவருக்கு எது நல்லது? மாவுச்சத்து 12 பங்கிலிருந்து சுமார் 10 பங்காக இறங்க வேண்டும். புரதம் 4 பங்காக ஏற வேண்டும். கொழுப்பு 5 பங்குக்குள் நிற்க வேண்டும். நார்ச்சத்துக்கு 1 பங்கு. இதுதான் 2022-ல் சொன்ன அளவு. இப்படி மாற்றினால், தொடக்கத்திலுள்ள வியாதி சிலருக்கு மருந்தில்லாமலே அடங்கி நிற்க வாய்ப்பு உண்டு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

20-ல் 2 பங்கு! அவ்வளவுதான் இறங்க வேண்டியது. சோற்றை அடியோடு விட வேண்டும் என்று பயந்தவருக்கு இது நல்ல செய்தி.

சப்பாத்திக்கு மாறினால் போதுமா?

சர்க்கரை வியாதி என்றதும் இரவுச் சாப்பாட்டைச் சப்பாத்தியாக்கிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். "நான் ராத்திரி சோறே தொடுவதில்லை. நாலு சப்பாத்திதான்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு.

இங்கேதான் ஏமாற்றம்! கோதுமையிலும் மாவுச்சத்துதான். கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. அரிசியில் அது 78 கிராம். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் என்பது மெய். அதனால் அது நல்ல தானியம். ஆனால் சோற்றைக் குறைத்த இடத்தில் கேழ்வரகு உருண்டையை நிரப்பினால் கணக்கு பழையபடியே நிற்கும். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் முழுக் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவதால் மட்டும் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2025 ஆய்வு சொல்கிறது. மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கை, 20-ல் ஒரு பங்கைப் பருப்பு, பயறு, பால், தயிர் ஆகியவற்றின் புரதமாக மாற்றினாலே அபாயம் குறைவாகக் காணப்பட்டது.

ஆக, பானையை மாற்றினால் போதாது. அளவை மாற்ற வேண்டும்.

ஜாம் பஜாரில் ஒரு பை

சரி, சோற்றைக் குறைத்த இடத்தில் எதை வைப்பது? ராயப்பேட்டைக்காரர் இதற்காகப் பெரிய கடைக்குப் போக வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஜாம் பஜாருக்கு ஒரு பையோடு போனால் போதும்.

முருங்கைக்கீரை, அவரைக்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், புடலங்காய், பாகற்காய் ஆகியவற்றில் மாவுச்சத்து குறைவு. உருளைக்கிழங்கு வறுவலைக் காய்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது சோற்றின் தம்பி!

புரதத்துக்குப் பச்சைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, காராமணி, வேர்க்கடலை. அசைவம் உண்பவருக்கு முட்டையும், நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. தண்ணீராக ஓடும் சாம்பாரில் பருப்பு இருப்பதாக நினைப்பது வெறும் மனத்திருப்தி. கரண்டி நிற்கும்படி கெட்டியாக இருந்தால்தான் அது பருப்பு.

நம் பாட்டிகள் செய்த அடையை நினைத்துப் பாருங்கள். அரிசியைக் குறைத்து, நாலு வகைப் பருப்பைக் கூட்டி அரைத்தால் அதைவிட நல்ல பலகாரம் ஏது? பச்சைப்பயறு தோசையும் அப்படியே. நவராத்திரிக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த சுண்டலை வருஷம் முழுவதும் மாலைப் பலகாரமாக்கலாம்.

பகல் சாப்பாட்டில் செய்ய வேண்டியது ஒன்றே. மூன்று முறைச் சோற்றை ஒரு முறையாக்குங்கள். முதலில் காயையும் கூட்டையும் பாதி வயிற்றுக்குச் சாப்பிடுங்கள். பிறகு ஒரு கரண்டிச் சோறு, கெட்டிச் சாம்பார். ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மோரையும் அப்படியே குடியுங்கள். ருசி எதுவும் போகவில்லை. சோறு மட்டும் குறைந்திருக்கிறது! முதல் இரண்டு வாரம் வயிறு முனகும். பருப்பும் காயும் போதிய அளவு இருந்தால் முனகல் மெல்ல அடங்கும்.

லண்டன்காரரும் நம்மூர்க்காரரும்

மாவுச்சத்தைக் குறைக்கும் யோசனை புதியதல்ல. லண்டனில் வில்லியம் பேன்டிங் என்று ஒருவர் இருந்தார். இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுப்பது அவர் தொழில். 60 வயதைத் தாண்டிய அவர் 90 கிலோவுக்கு மேல் கனத்து, குனிந்து செருப்பு மாட்டவும் முடியாமல் தவித்தார். ஒரு டாக்டர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் நிறுத்தினார். ஒரு வருஷத்தில் சுமார் 20 கிலோ குறைந்தது. 1863-ல் தம் அனுபவத்தைச் சிறு புத்தகமாக வெளியிட்டார். அது பரபரப்பாக விற்றது.

நம் காலத்தில் 2010-க்குப் பிறகு "பேலியோ" என்ற பெயரில் தமிழர்களிடையே இப்படிப்பட்ட முறை ஒன்று பரவியது. தானியத்தை அறவே விட்டு முட்டை, இறைச்சி, பாதாம், வெண்ணெய் என்று சாப்பிடும் முறை அது. எடை குறைந்தது, சர்க்கரை இறங்கியது என்று பலர் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2021-ல் 23 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வும் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தவர்களுக்கு 6 மாதத்தில் நல்ல பலன் கிடைத்ததாகச் சொல்கிறது. ஆனால் 12 மாதத்தில் அந்தப் பலன் தேய்ந்துவிட்டது. காரணத்தை ஊகிக்கலாம். கல்யாண வீடு, கோயில் பிரசாதம், ரம்ஜான் விருந்து, அம்மாவின் கை மணம் இவற்றின் நடுவே, சோறே இல்லாத வாழ்க்கையை எத்தனை காலம் நடத்த முடியும்? பாதாமும் வெண்ணெயும் எத்தனை வீட்டுக்குக் கட்டுப்படியாகும்?

முடியாத விரதத்தை 6 மாதம் இருப்பதைவிட, முடிகிற அளவை 30 வருஷம் காப்பது மேல்.

531 பேர் காட்டிய வழி

முடிகிற அளவுக்கு மாறியவர்களின் கதையும் நம் ஊரிலேயே இருக்கிறது. எழும்பூரில் ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் 35 முதல் 55 வயதுக்கு உட்பட்டவர்கள். எல்லோரும் வியாதியின் வாசலில் நின்றவர்கள். ஒரு பகுதியினருக்குத் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைக்கவும், சர்க்கரையைத் தவிர்க்கவும், நார்ச்சத்தைக் கூட்டவும், தினம் அரை மணி நேரமாவது நடக்கவும் சொல்லித் தந்தார்கள். இன்னொரு பகுதியினரை வழக்கம்போல் விட்டார்கள்.

மூன்று வருஷம் ஆயிற்று. வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. சொன்னபடி நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுத்த பகுதியினருக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். 2006-ல் வெளிவந்த இந்த முடிவு உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. மாத்திரை செய்கிற வேலையைச் சாப்பாடும் நடையும் செய்திருக்கின்றன!

39 பேருக்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம். ஆம். பரம்பரையும் வயதும் ஒருவர் கையில் இல்லை. ஆனால் 100-க்கு 16 பேர் மூன்று வருஷம் தப்பியது சிறிய காரியமா? ஒரு தெருவில் 16 வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள்.

இவர்கள் ஜாக்கிரதை!

சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரைக் கேட்டே தீர வேண்டியவர்கள் சிலர் உண்டு.

ஏற்கெனவே இன்சுலின் ஊசி போடுகிறவர்கள், சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் வரும். அது ஆபத்து. சாப்பாட்டைக் குறைக்கும்போது மருந்தின் அளவையும் டாக்டர் மாற்ற வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். "சர்க்கரை இறங்கிவிட்டது" என்று மருந்தைத் தாமே நிறுத்துவதும் தவறு.

கடைசியில் சாப்பிடுகிறவள்

இந்த விஷயத்தில் பேசப்படாத ஒரு பக்கம் இருக்கிறது. சமைக்கிறவள் கடைசியில் சாப்பிடுகிறாள். பொரியலும் முட்டையும் மீனும் மற்றவர் தட்டுக்குப் போய்விடும். மிஞ்சிய சோறும் அடிக்குழம்பும் அவளுக்கு. "வீணாகிவிடுமே" என்று இரண்டு கரண்டி கூடவே போட்டுக்கொள்வாள். கணவருக்குச் சர்க்கரை என்று தனியாகக் காய் வேகவைத்துக் கொடுத்துவிட்டு, அவள் சோற்றைத் தின்றுகொண்டிருப்பாள். சில வருஷத்தில் அவளும் மருந்துப் பையோடு வரிசையில் நிற்பாள்.

ஆகவே சர்க்கரைக்காரருக்கென்று தனிச் சமையல் வேண்டாம். 40-ஐத் தாண்டிய எல்லோருக்கும் ஒரே இலை இருக்கட்டும். காய் பாதி, பருப்போ முட்டையோ மீனோ கால், சோறு கால். உலையில் போடும் அரிசியை ஒரு பிடி குறைத்து, பருப்பை ஒரு பிடி கூட்டினால் மிச்சச் சோறும் இராது. அவள் தட்டும் மாறும்.

அடுப்படி மட்டும் மாறினால் போதுமா? அரசாங்கத்துக்கும் வேலை உண்டு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம். ஆனால் அதே வீட்டுக்கு மாதந்தோறும் ரேஷனில் இலவசமாக வருவது அரிசி. சலுகை விலையில் துவரம்பருப்பும் வருகிறது. அட்டைக்கு ஒரு கிலோதான். நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு நாளைக்கு 8 கிராம் பருப்பு! கூலிக்காரர் வீட்டில் புரதம் குறைவாக இருப்பதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல, விலையும் காரணம். நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023-ல் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுத்துப் பார்த்தார்கள். அதேபோல அரிசியில் ஒரு பகுதிக்குப் பதில் பயறோ பருப்போ கேட்கும் உரிமை அட்டைக்காரருக்கு வந்தால், அது வருங்காலத்து ஆஸ்பத்திரிச் செலவைக் குறைக்கும். அரிசி வேண்டுமென்பவருக்கு அரிசி. பருப்பு வேண்டுமென்பவருக்குப் பருப்பு. அன்று பசியை ஒழிக்கக் கொடுத்த அதே கைதான் இதையும் கொடுக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று பகல் இலை போட்டதும் ஒரு காரியம் செய்யலாம். இரண்டாம் முறைச் சோறு வரும்போது கையை இலைக்கு மேல் நீட்டி, "போதும்" என்று சொல்லலாம். "அந்தக் கூட்டை இன்னும் ஒரு கரண்டி வையுங்கள்" என்று கேட்கலாம். கூட்டுக்குக் கூடக் காசு கேட்டாலும் கொடுத்துவிடலாம். மருந்துக்குக் கொடுப்பதைவிட அது குறைவுதான்!